உழைப்பது நீலம், பெயர் எடுப்பது யார்?

ஆனி மாதக் கடைசி. சின்னமனூர் பஸ் நிலையத்துக்கு வெளியே சாக்கை விரித்து ஒரு தாயார் மாம்பழம் விற்றுக் கொண்டிருந்தார். ஒரு பக்கம் வைக்கோல் பரப்பி அதன் மேல் ஐந்தாறு மல்கோவா. ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்துத் துடைத்து அடுக்கியிருந்தார். இன்னொரு பக்கம் வெறும் சாக்கின் மேல் கொட்டிய குவியல். அது நீலம். அதைத் துடைப்பார் இல்லை, அடுக்குவார் இல்லை. கூறு கட்டி வைத்திருந்தது.

இராத்திரி ஷிப்ட் முடித்து ஆலை வேனிலிருந்து இறங்கிய ஒரு வாலிபத் தொழிலாளி வந்து நின்றார். பஞ்சுத் தூசு இன்னும் தலைமுடியில் ஒட்டிக் கொண்டிருந்தது. மல்கோவாவைக் கையில் எடுத்தார், முகர்ந்து பார்த்தார், விலையைக் கேட்டார், வந்த வழியே கீழே வைத்துவிட்டார்.

"நீலம் எடுத்துக்கய்யா. தேனாட்டம் இருக்கு" என்றார் அந்தத் தாயார்.

"நீலமா ஆத்தா? அது வண்டுப் பழமில்ல. கூலிக்காரன் திங்கிற பழம்" என்று சொல்லிச் சிரித்தார் அவர். சிரித்துவிட்டு இரண்டு கூறு நீலம் வாங்கிப் பையில் போட்டுக் கொண்டு போனார்.

தோழர்களே, அந்தச் சிரிப்பு என் மனதை விட்டுப் போகவில்லை. வாங்குவது நீலம், புகழ்வது மல்கோவா! நம் பிள்ளைகளின் வாய்க்குப் பழம் கொண்டு வந்து தருகிற மரத்தை நாமே ஏளனம் பேசுகிறோம். கூலிக்காரன் தின்கிற பழம் என்றால் அது மட்டமான பழம் என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். மாமரத்தைப் பற்றித் தெரிந்து கொண்டதில் பாதி தோப்பில் கூலி வேலை செய்த காலத்தில் தெரிந்து கொண்டது. மீதி, தெரிந்தவர்களைக் கேட்டுத் தெரிந்து கொண்டது.

நீலத்தின் குணம்

பெயர்தான் நீலம். பழமோ பழுத்தால் நல்ல மஞ்சள். கைக்கு அடக்கமான பழம். சுமாராக 200 கிராம் எடை இருக்கும், சில மரங்களில் அதற்கு மேலும் போகும். நாரில்லாத சதை. பூவின் மணம் போல ஒரு தனி மணம். கண்ணை மூடிக் கொண்டு முகர்ந்தாலும் நீலம் என்று சொல்லிவிடலாம். மரமும் வானத்தை மறைத்துப் பரவுகிற ஜாதி இல்லை. அடக்கமாக வளரும்.

இதன் முதல் குணம், பிந்தி வருவது. பங்கனபள்ளியும் செந்தூரமும் சித்திரை வைகாசியில் வந்து கூத்தாடிவிட்டுப் போய்விடும். அவை ஓய்ந்து சந்தை வெறிச்சோடுகிற நேரத்தில் ஆனியிலும் ஆடியிலும் நீலம் வரும். கன்னியாகுமரி ஜில்லாவில் இதே நீலம் வருஷத்தில் இரண்டு தடவை காய்க்கிறது.

இரண்டாவது குணம், தாங்கும் சக்தி. பறித்த பழம் பல நாள் கெடாது. லாரியில் ஏற்றிக் குலுக்கினாலும் பொறுத்துக் கொள்ளும். மல்கோவாவைக் குழந்தை போலத் தாங்கித் தூக்க வேண்டும். நீலத்தைக் கூடையில் கொட்டித் தூக்கலாம். சேலத்திலும் கிருஷ்ணகிரியிலும் திண்டுக்கல்லிலும் நம் பெரியகுளத்திலும் இதை விரும்பி நட்டதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது குணம்தான் எல்லாவற்றிலும் பெரியது. வருஷம் தவறாமல் காய்ப்பது.

வாயில்லாத மரம் கொடுக்கும் வேலை

மா ஜாதியில் பெயர் பெற்றவை பெரும்பாலும் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்ப்பவை. ஒரு வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்த்த மரம் தன் சத்தையெல்லாம் அந்தக் காய்க்கே கொடுத்து ஓய்ந்துவிடுகிறது. அந்த வருஷம் புதுக் கொழுந்து விட்டு, அது முற்றி, அடுத்த தையில் பூக்கும் பக்குவத்துக்கு வருவதில்லை. ஆகவே மறு வருஷம் மரம் வெறும் இலையோடு நிற்கிறது. மல்கோவாவோ காய்க்கிற வருஷத்திலும் கஞ்சத்தனமாகத்தான் காய்க்கும்.

தோப்புக்குச் சொந்தக்காரருக்கு இது நஷ்டம்தான். ஆனால் அவருக்கு வேறு வருமானம் இருக்கும். ஒரு வருஷம் பொறுப்பார். மரம் ஏறிப் பறிப்பவர் எப்படிப் பொறுப்பார்? மரம் ஓய்வெடுத்தால் அவர் அடுப்பும் ஓய்வெடுக்கும்.

நம் பள்ளத்தாக்கின் சங்கதி நமக்குத் தெரியும். லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. சின்னமனூர் வயல்கள் அதில் அடக்கம். அந்த வயல்களில் நெல்லுக்கும் வாழைக்கும் தென்னைக்கும்தான் இடம். மாமரம் இருப்பது மலையடிவாரத்து மேட்டு நிலத்தில், போடி பக்கத்திலும் பெரியகுளம் பக்கத்திலும். ஜூன் மாதத்தில் அணை திறந்தால் வயலில் வேலை. திறப்பு தள்ளிப் போனால் வேலை இல்லை. அப்படி வயல் காய்ந்து கிடக்கும் ஆனி ஆடியில், விடியற்காலை வேனில் ஏறிப் போய்த் தோப்பு வேலை பார்த்துவிட்டு இரவு வந்து சேர்கிற ஆண்களும் பெண்களும் நம் ஊரில் எத்தனை பேர்! அந்த நாட்களில் மரத்தில் என்ன இருக்கிறது? நீலம் இருக்கிறது. மற்ற மரமெல்லாம் காலியாகி நிற்கும்போது நீலம் ஒன்றுதான் வேலை கொடுக்கிறது. அதுவும் போன வருஷம் கொடுத்தேன், இந்த வருஷம் கிடையாது என்று சொல்லாமல் கொடுக்கிறது.

மல்கோவாவை மாம்பழத்தில் ராஜா என்பார்கள். இருக்கட்டும். ராஜாக்கள் நினைத்தபோது வருவார்கள், நினைத்தபோது போவார்கள். நாள் தவறாமல் வேலைக்கு வருபவனுக்கு வேறு பெயர். அந்தப் பெயரில்தான் நீலத்தைச் சேர்க்க வேண்டும்.

மல்லிகா யார் பெற்ற பிள்ளை?

இந்தக் குணத்தை நாம் அறியாமல் போகலாம். விஞ்ஞானிகள் அறிந்தார்கள்.

ஒரு மரத்துப் பூவில் இன்னொரு மரத்தின் மகரந்தத்தைச் சேர்த்து, அதில் விளைந்த கொட்டையை முளைக்க வைத்துப் புது ரகம் உண்டாக்குகிறார்கள். சொல்லச் சுலபம். ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும், காயாக நிற்பது ஒன்றோ இரண்டோ. அதில் முளைத்த கன்று வளர்ந்து காய்த்து, குணம் தெரிய வருஷக் கணக்கு ஆகும். இவ்வளவு பாடுபட்டுப் புது ரகம் தேடியவர்கள், வருஷா வருஷம் காய்க்கும் குணம் வேண்டும் என்றபோது திரும்பத் திரும்ப யாரிடம் வந்தார்கள்? நம் நீலத்திடம்தான் வந்தார்கள்.

டில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் நீலத்தையும் வடநாட்டு தசேரியையும் சேர்த்து மல்லிகாவை உண்டாக்கியது. தசேரியைத் தாயாகவும் நீலத்தைத் தந்தையாகவும் மாற்றிச் சேர்த்தபோது ஆம்ரபாலி கிடைத்தது. குட்டையான மரம், நெருக்கி நடலாம், வருஷா வருஷம் காய்க்கும். கொங்கணத்தில் வெங்குர்லா ஆராய்ச்சி நிலையம் நீலத்தையும் அல்போன்சாவையும் சேர்த்து ரத்னா என்ற ரகத்தைக் கொண்டு வந்தது. தெலங்கானாவின் சங்காரெட்டியில் ருமானியையும் நீலத்தையும் சேர்த்து மஞ்சீரா. பெங்களூரில் அல்போன்சாவையும் நீலத்தையும் சேர்த்து அர்கா நீல்கிரண். அதிலாவது நீலத்தின் பெயரில் பாதி ஒட்டிக் கொண்டிருக்கிறது!

டில்லி வரை போவானேன்? முருங்கையில் பி.கே.எம். 1 என்ற ரகத்தை உலகத்துக்குக் கொடுத்த நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, மாவிலும் அதே பி.கே.எம். பெயரில் இரண்டு ரகம் கொடுத்தது. பி.கே.எம். 1 என்பது சின்ன சுவர்ணரேகாவுக்கும் நீலத்துக்கும் பிறந்தது. பி.கே.எம். 2 நீலத்துக்கும் மல்கோவாவுக்கும் பிறந்தது. ராஜா வம்சம் தழைக்க வேண்டுமானால் நம் நீலத்தோடு சம்பந்தம் வைத்துக் கொள்ள வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்று மல்லிகா கடல் கடந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கூட வளர்கிறது. அங்கே அதைச் சுவைத்துப் பாராட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு நீலத்தின் பெயர் தெரியும்? நூற்பாலைத் தோழர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் ரிங் ஃபிரேமில் ஓடுகிற நூல் எங்கோ போய்த் துணியாகி, சட்டையாகி, எவருடைய முத்திரையோ குத்திக் கொண்டு கண்ணாடிக் கடையில் தொங்குகிறது. அந்தச் சட்டையில் நூற்றவளின் பெயர் இருக்கிறதா? அதே கதைதான் இதுவும்.

வண்டு இருப்பது உண்மைதான்

நீலத்தைப் புகழ்கிறேன் என்பதற்காக அதன் குறையை மறைக்க மாட்டேன். அந்த வாலிபத் தோழர் சொன்னது பொய் இல்லை. நீலத்தில் கொட்டை வண்டு விழும். மற்றப் பல ரகங்களைவிட அதிகம் விழும்.

ஆனால் அந்த வண்டு எப்படி வருகிறது என்று தெரிந்து கொண்டால், குற்றம் பழத்தில் எவ்வளவு, நம்மில் எவ்வளவு என்று புரியும். காய் கோலிக்குண்டு, எலுமிச்சை அளவில் இருக்கும்போதே தாய் வண்டு தோலில் கீறி முட்டை வைக்கிறது. பொரித்த புழு சதையைத் துளைத்துக் கொண்டு நேரே கொட்டைக்குள் போய்விடுகிறது. காய் பெருக்கப் பெருக்கத் துளை மூடி, மேலே அடையாளமே தெரியாது. சதை பெரும்பாலும் கெடுவதில்லை. புழு கொட்டைக்குள்ளேயே வளர்ந்து வண்டாகிறது. பழம் முதிர்ந்த பிறகுதான் வெளியே வருகிறது. வந்த வண்டு அடுத்த பூ வரும் வரை எங்கே இருக்கிறது? மரப்பட்டை வெடிப்பிலும் அடிமரத்துக் குப்பையிலும் ஒளிந்து கிடக்கிறது. வருஷத்துக்கு ஒரே ஒரு தலைமுறைதான். எனவே அந்த ஒளிவிடத்தை அழித்தால் பாதிச் சண்டையில் ஜெயித்தாகிவிட்டது.

உதிர்ந்த காய்களையும் தின்று போட்ட கொட்டைகளையும் பொறுக்கி அழிக்க வேண்டும். பட்டை வெடிப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். மரத்தடியைக் கொத்திவிட வேண்டும். இதற்குப் பெரிய யந்திரம் வேண்டாம், மனிதக் கை வேண்டும். ஆனால் ஒருவர் தோப்பைச் சுத்தம் செய்து, பக்கத்துத் தோப்பில் குப்பை கிடந்தால் பயன் இல்லை. ஒரு ஊர்த் தோப்பெல்லாம் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். ஒற்றையாக ஜெயிக்க முடியாத சண்டை என்றால் என்னவென்று சங்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

இதே வண்டு ஏற்றுமதிப் பழத்தில் இருந்தபோது என்ன நடந்தது பாருங்கள். 1989 முதல் அமெரிக்கா இந்திய மாம்பழத்தை உள்ளே விடவில்லை. வண்டும் பழ ஈயும் வந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சர்க்கார்கள் இரண்டும் உட்கார்ந்து பேசின. பழத்தைக் கதிர்வீச்சில் காட்டி வண்டை முடக்கி அனுப்பலாம் என்று ஏற்பாடாயிற்று. 2007-இல் மீண்டும் விமானம் ஏறின நம் அல்போன்சாக்கள். நல்லது. டாலர் கொடுப்பவன் தட்டில் வண்டு இருக்கக் கூடாது என்றால் விஞ்ஞானமும் ராஜதந்திரமும் ஓடி வருகின்றன. கூலிக்காரன் பிள்ளை தின்கிற நீலத்தில் வண்டு இருந்தால், "அது வண்டுப் பழம்" என்ற ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்துவிடுகிறது! பட்டை சுரண்டவும் கொட்டை பொறுக்கவும் ஊருக்கு ஊர் ஒரு இயக்கம் நடத்தினால் எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு பழம் மிச்சம்!

மரத்திலிருந்து கூறுக்கு வரும் பாதை

நீலம் ஏன் மலிவு? பிந்தி வருவதால் சந்தை சலித்துவிடுகிறது, காய்ப்பு அதிகம் என்பதால் குவிகிறது என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான்.

பெரும்பாலான தோப்புகளில் பூ வந்ததுமே மகசூலைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். சிறு விவசாயிக்குத் தை மாசியில் பணமுடை. பூவைப் பார்த்து வியாபாரி ஒரு தொகை சொல்கிறார். தத்துப்பூச்சி விழுந்தால் என்ன ஆகுமோ, காற்றடித்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் விவசாயி சரி என்கிறார். பின்பு மரம் நிறையக் காய்த்தாலும் அது குத்தகைக்காரர் பாடு. குத்தகை எடுத்தவரும் எப்போதும் பெரிய முதலாளி இல்லை. மண்டியில் முன்பணம் வாங்கித்தான் அவர் குத்தகை எடுக்கிறார். வாங்கிய பாவத்துக்குக் காயை அந்த மண்டிக்கே கொண்டு போக வேண்டும். அங்கே கமிஷன், கழிவு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. ஆளுக்கு ஒரு கடி கடித்த பிறகு சாக்கில் கூறு கட்டுகிற தாயாருக்கு வந்து சேருகிறது.

முன்பணத்தின் வட்டி ஓடிக் கொண்டிருப்பதால் முற்றும் வரை பொறுக்க யாருக்கும் தைரியம் இல்லை. முற்றாத காயைப் பறிக்கச் சொல்கிறார்கள். முற்றாத காய் வைக்கோலில் பழுக்காது. அதற்குத்தான் கல். கால்சியம் கார்பைட் கல்லைப் பொட்டலம் கட்டிக் காய் நடுவே வைத்துவிடுகிறார்கள். அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் முதலான விஷங்களின் கலப்பு உண்டு. அதை வைத்துப் பழம் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். 2011-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் தடை தெளிவாக இருக்கிறது. அதற்குப் பதிலாக எத்திலீன் வாயுவை அளவோடு, 100 பி.பி.எம். வரை, அறைக்குள் செலுத்திப் பழுக்க வைக்க 2016-இல் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அந்த அறை கட்டப் பணம் யாரிடம் இருக்கிறது? பணமுள்ளவரிடம் அறை, இல்லாதவரிடம் கல். சோதனைக்கு வருகிற அதிகாரி பிடிப்பதும் சில்லறைக் கடைக்காரரைத்தான். அந்தக் கல்லை வெறுங்கையால் எடுத்துப் பொட்டலம் கட்டுகிற கூலிப் பெண்ணின் கண் எரிச்சலையும் இருமலையும் எழுதிக் கொள்ள எந்த நோட்டுப் புத்தகமும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. நீலத்துக்குக் கல்லே வேண்டாம்! முற்றவிட்டுக் காம்போடு பறித்து வைக்கோலில் போட்டால் தானே பழுக்கும், பழுத்தும் பல நாள் நிற்கும். கல்லைக் கேட்பது நீலம் அல்ல, முன்பணத்தின் வட்டி.

விலை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025-ஆம் வருஷம் சாட்சி. அந்த ஜூன் மாதம் கிருஷ்ணகிரி, சித்தூர், கோலார்ப் பகுதிகளில் கிளிமூக்கு மாங்காயின் விலை அதல பாதாளத்துக்குப் போனது. அதைச் சாறாக்கும் ஆலைகள் முன்போல் வாங்கவில்லை. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். போராட்டத்தின் பிறகு மத்திய சர்க்கார், கர்நாடக விவசாயிகளுக்குச் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று விலை வைத்து 2.5 லட்சம் டன் வரை ஈடு கொடுக்கச் சம்மதித்தது. ஆந்திராவில் கிலோவுக்கு 12 ரூபாய் என்று தீர்மானித்து, 8 ரூபாயை ஆலையும் 4 ரூபாயை மாநில சர்க்காரும் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். தமிழ்நாட்டிலும் இந்தக் கோரிக்கை பலமாக எழுந்தது.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, மாம்பழத்துக்கு விலை வைக்க முடியாது என்று இத்தனை காலம் சொன்னது பொய். ஜனங்கள் தெருவுக்கு வந்தால் வைக்க முடிகிறது. நாட்டில் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படும் 22 விளைபொருள்களில் மாம்பழம் இல்லை. வருஷத்துக்கு 2 கோடி டன்னுக்கு மேல் விளைவித்து உலகத்தில் முதலிடத்தில் இருக்கிற நாட்டின் நிலை இது. இரண்டாவது பாடம், அந்த ஈடெல்லாம் கிளிமூக்கு என்ற ஆலைக் காய்க்குத்தான். ஆலையின் பெயரால் பேச ஆள் உண்டு. கூறு கட்டி விற்கிற நீலத்தின் பெயரால் பேச யார்?

தொரட்டி பிடித்த கை

இனி ஒரு சொந்த விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம். என் தகப்பனார் மலையடிவாரத்து ஒரு தோப்பில் நீலம் பறிக்கப் போயிருந்தார். மாங்காய் பறிப்பது பார்க்கிறவர்களுக்கு விளையாட்டாக இருக்கும். வலை கட்டிய தொரட்டி எட்டாத உச்சிக் கொப்புக்குக் கிளை கிளையாக ஏற வேண்டும். காம்பை ஒடிக்கும்போது தெறிக்கிற பால் முகத்தில் பட்டால் தோல் வெந்து கறுத்துப் போகும். முசுறு எறும்பு உடம்பெல்லாம் கடிக்கும். காய் அடிபடக் கூடாது. மனிதன் அடிபட்டால் யாரும் கேட்பதில்லை.

முந்தின நாள் மழையில் நனைந்த கொப்பு. கால் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. கட்டிலில் போட்டுத்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். மறுநாள் குத்தகைக்காரர் வரவில்லை. ஆள் மூலம் ஒரு சாக்கு நீலம் அனுப்பியிருந்தார். அதுதான் நஷ்டஈடு! என் தாயார் அந்தச் சாக்கைப் பார்த்து வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து அதைச் சந்தைக்குச் சுமந்து கொண்டு போய்க் கூறு கட்டி விற்று, அந்தக் காசில் மருந்து வாங்கி வந்தார். விற்காமல் மிஞ்சிய நசுங்கல் பழமே அந்த நாலைந்து நாளும் எங்களுக்கு இராச் சாப்பாடு. மாதா ஊட்டாத அன்னத்தை மாங்காய் ஊட்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வாரம் அது எங்கள் வீட்டில் பழமொழியாக இருக்கவில்லை.

என் தகப்பனார் பிறகு மரம் ஏறவில்லை. அந்தக் குத்தகைக்காரர் மீது இன்று எனக்குக் கோபம் இல்லை. அவர் மனசாட்சிக்குத் தெரிந்தது ஒரு சாக்கு. ஒரு மனிதனின் இடுப்புக்கு விலை என்ன என்பதை ஒருவருடைய மனசாட்சிக்கு விட்டுவைத்த ஏற்பாட்டின் மீதுதான் கோபம். இன்று விவசாயத் தொழிலாளிக்கு விபத்து உதவித் திட்டங்கள் வந்திருக்கின்றன. போராடித்தான் வந்தன. ஆனால் தோப்பு வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள்? விழுந்த பிறகு அட்டை தேடி அலைவதுதான் நடக்கிறது.

பெண்களின் கதை இன்னொன்று. ஆண் பறிக்கிறார், பெண் பொறுக்குகிறாள், தரம் பிரிக்கிறாள், சுமக்கிறாள், பெட்டி கட்டுகிறாள். மாங்காய்ப் பால் இருவர் கையையும் ஒன்றாகத்தான் பொத்துகிறது. கூலி மட்டும் இரண்டு விதம். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்த நாடு இது!

தோப்பு யாருடையது என்ற கேள்வியும் இங்கே வருகிறது. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டினார்கள். 1970-இல் அது 15 ஆயிற்று. ஆனால் அந்தச் சட்டத்தில் வைத்த விலக்குகளில் பழத் தோப்புக்கும் ஒரு விலக்கு இருந்தது. நெல் விளையும் நிலத்துக்குக் கணக்குக் கேட்ட சட்டம், மாமரத்தின் நிழலுக்கு வந்ததும் கண்ணை மூடிக் கொண்டது. மரம் ஏறியவனுக்கு அந்த நிழலில் ஒரு சென்ட் கூட விழவில்லை.

நாம் செய்ய வேண்டியது

நீலத்தைப் பாராட்டிவிட்டுப் போவதற்கு மட்டும் இதை எழுதவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும்.

பூ வருவதற்கு முன்பே, தை மாதத்துக்குள், நீலம் உள்பட எல்லா மாங்காய்க்கும் கட்டுப்படியான விலையை சர்க்கார் அறிவிக்க வேண்டும். விலை தெரிந்தால் பூவிலேயே அடிமாட்டு விலைக்குக் குத்தகை விட வேண்டிய அவசியம் இல்லை. பழுக்க வைக்கும் அறையைச் சர்க்காரோ கூட்டுறவுச் சங்கமோ கட்டி, சிறு விவசாயியும் தெருவில் விற்கும் தாயாரும் உபயோகிக்கும்படி விட வேண்டும். வண்டு ஒழிப்பை ஊர் முழுவதற்கும் ஒரே சமயத்தில், கூலி கொடுத்து நடத்த வேண்டும். பறிப்புக் காலம் தொடங்கும் முன்பே தோப்பு வேலைக்குப் போகும் ஒவ்வொருவரையும் விபத்துப் பாதுகாப்பில் பதிய வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. இவற்றுக்காக விவசாயியும் தொழிலாளியும் ஒரே பந்தலின் கீழ் உட்கார வேண்டும். விவசாயிக்கு விலை கிடைக்காமல் தொழிலாளிக்குக் கூலி உயராது. தொழிலாளியைத் தள்ளிவிட்டு விவசாயியும் மண்டியை ஜெயிக்க முடியாது.

சர்க்காரைக் கேட்காமல் நாமே செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. வீட்டு மனைப் பட்டா கிடைத்த தோழர்கள் கொல்லையில் ஒரு நீலம் வையுங்கள். அடக்கமான மரம், இடத்தை அடைக்காது. ஆடிக்கும் மார்கழிக்கும் நடுவில், ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுத்து, மேல் மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்பி, ஒட்டுக் கன்றாகப் பார்த்து நடுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அதன் கீழிருந்து கிளைப்பதைக் கிள்ளிவிட வேண்டும். முதல் மூன்று வருஷம் வரும் பூவை மனசு கேட்காவிட்டாலும் கிள்ளுங்கள், மரம் தேறும். அதன் பிறகு அது உங்களைக் கைவிடாது. கொட்டை போட்டு முளைத்தது நீலம் ஆகாது. தாய் மரத்திலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டினால்தான் நீலம். முதல் நீலம் எந்த ஊரில் நின்றதோ, அந்த ஒரே மரத்தைத்தான் ஒட்டுக் கட்டுகிற தொழிலாளியின் விரல்கள் தலைமுறை தலைமுறையாக, கன்று கன்றாகக் கொண்டு வந்து நம்மிடம் சேர்த்திருக்கின்றன. அதுவும் நம் கைதான்.

பஸ் நிலையத்தில் அந்த வாலிபத் தோழர் போன பிறகு நான் அந்தத் தாயாரிடம் நின்றேன். "ஆத்தா, நீலத்தையும் அந்த வைக்கோல்ல வச்சு அடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடுக்கலாம்யா. ஆனா மல்கோவாவை வாங்க ஆள் வரும் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். நீலம் வித்துத்தான் நான் தினம் அரிசி வாங்குறேன். அடுக்க நேரம் ஏது?" என்றார்.

அடுத்த ஆனியில் யாராவது உங்களிடம் நீலம் கூலிக்காரன் பழம் என்று சொல்லிச் சிரித்தால், ஆமாம் என்று சொல்லுங்கள். தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.